ஒரே முகவரியில் இரண்டு பேர்

அந்த மின்னஞ்சல் வந்தபோது வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் மாமனாருக்கு வாங்கிய மருந்துப் பை, மறு கையில் போன். ஆன்லைனில் எழுதிய வேலைத் தேர்வின் முடிவாகத்தான் இருக்கும் என்று ஆசை ஆசையாகத் திறந்தேன். முடிவு இல்லை. நான் தேர்வு எழுதிய அதே ஐ.பி. முகவரியிலிருந்து, அதே நேரத்தில், இன்னொருவரும் எழுதியிருக்கிறாராம். விடைகளும் சில இடங்களில் ஒத்துப்போகின்றனவாம். ஒருவரே இரண்டு பெயரில் எழுதினாரோ, ஒருவரைக் கேட்டு மற்றவர் எழுதினாரோ என்று சந்தேகம் வருவதால் இருவர் முடிவையும் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். சரியான விளக்கம் வராவிட்டால் இரண்டு விண்ணப்பங்களும் தள்ளுபடி. அப்புறம் அந்த நிறுவனத்துக்கு எந்தக் காலத்திலும் விண்ணப்பிக்க முடியாது.

பாளையங்கோட்டை பஸ் வந்து நின்றது, கிளம்பியும் போய்விட்டது. நான் ஏறவில்லை. தமிழ் டீச்சராக இருந்தபோது காப்பியடிக்கிற பிள்ளைகளைக் கண்ணைப் பார்த்தே பிடித்தவள் நான். என்னைப் போய் ஒருவர் காப்பியடித்தவள் என்கிறார். கோபம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது.

ஏனென்றால் அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். மாமனார் விழுந்து படுக்கையான பிறகு பள்ளிக்கூடத்தை விட்டேன். விடுவது சுலபமாக இருந்தது. திரும்பப் போய்க் கேட்டால், நடுவில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்கிறார்கள். வயதும் நாற்பதைத் தொடப் போகிறது. கணவருக்குக் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீசியன் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டின பிறகுதான் வருவார். மாமனாரைத் தனியே விட்டுவிட்டு நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்கேயும் போக முடியாது. வீட்டில் இருந்தபடியே செய்கிற மாதிரி இந்த ஒரு வேலைதான் கண்ணில் பட்டது. ஊர் ஊராக மனிதர்கள் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தமிழ்ப் பேச்சைப் பழக்குகிறார்களாம். தேர்வில் யாரும் வயதைக் கேட்கவில்லை. காது கேட்கிறதா, எழுத வருகிறதா, அவ்வளவுதான். இதுவும் போனால் இனி எதற்கும் விண்ணப்பம் போட மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

வீடு வருகிறவரை, யாரோ திருடன் எங்கள் வைஃபைக்குள் புகுந்துவிட்டான் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். நாங்கள் ஆறு குடும்பம் குடியிருக்கிற வளவுக்குள் நுழைந்ததும்தான் உறைத்தது. கிணற்று வீட்டு ஜன்னலில் அந்த வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். தேர்வன்று காலையிலும் அதே ஜன்னலில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமனாருக்குக் கஞ்சி ஆற்றும்போது பார்த்தேன். பாட்டு கேட்கிறாளாக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்றால், எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சித்திரையிலிருந்து கிடையாது. இப்போது கார்த்திகை.

எங்கள் வளவில் ஆறு வீடு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு வாசல், ஒரு கதவு. உள்ளே போனால் நடுவில் முற்றம், கம்பி போட்டு மூடின கிணறு, சுற்றி வீடுகள். புதிதாகக் குடிவருகிறவர்கள் முன்பெல்லாம் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பார்கள். இப்போது வைஃபை பாஸ்வேர்டைக் கேட்கிறார்கள். பெட்டி எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பாஸ்வேர்டு எல்லா வீட்டுக்கும் தெரியும். கிணற்று வீட்டுக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து அவளும் அவள் வீட்டுக்காரரும் வந்தபோது, சாமான் இறங்குவதற்கு முன்பே பாஸ்வேர்டைச் சொன்னவள் நான்தான். நல்ல பெண் என்றே நினைத்தேன். இரண்டு வாரம்தான்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் எங்கள் குலதெய்வம். சித்திரையில் அங்கே கொடை. வேறு ஊர்க்காரர்கள் கோயில் திருவிழா என்று சொல்வதைத்தான் நாங்கள் கொடை என்போம். வளவில் எல்லா வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. மாமனாரையும் வண்டியில் படுக்கவைத்துக்கொண்டு நாங்கள் முந்தின நாளே கிளம்பினோம். வண்டியில் ஏறும்போது அவள் வாசலில் நின்றாள். அவளுக்கும் சொன்னேன். தலையை ஆட்டினாள். எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் வந்தார்கள். அவள் மட்டும் வரவில்லை. சரி, புதுசு, என்னவோ என்று விட்டிருப்பேன். கொடை முடிந்து வந்து பார்த்தால் எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளில் ஒரு குடை தொங்குகிறது. பூப்போட்ட பெண்கள் குடை. கிணற்று வீட்டில் காயப்போட்டுப் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலில் எதற்குக் குடை? நீயுமாச்சு உன் சாமியுமாச்சு, வெயிலில் அலைந்து கறுத்துப்போகாதே என்று நக்கல் செய்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. கூப்பிட்டதற்கு வராதது ஒன்று, கிண்டல் வேறு. குடையைக் கதவுக்குப் பின்னால் போட்டேன். அன்றோடு சரி. ஐப்பசி மழையில் கணவர் நனைந்துகொண்டே கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாரே தவிர, அந்தக் குடையை அவரைத் தொட விடவில்லை.

கோபத்தில் பாஸ்வேர்டை மாற்றிவிடலாமா என்று பலமுறை நினைத்ததுண்டு. மாற்றினால் மற்ற நாலு வீட்டுக்கும் போய்ப் புதியதைச் சொல்ல வேண்டும், அவளுக்கு மட்டும் சொல்லாமல் விட வேண்டும். அந்த அளவுக்கு நான் இறங்கவில்லை. மாற்றியிருந்தால் இந்தத் தலைவலி வந்திருக்காதே என்று அன்றைக்குத் தோன்றியது.

அன்று மாலை முழுக்க ஐ.பி. முகவரியைப் பற்றியே படித்தேன். இணையத்துக்குள் போகிற எதற்கும் ஓர் எண் வேண்டும். நாம் ஏதாவது கேட்டால் பதில் எங்கே வந்து சேர வேண்டும் என்பதற்கு அந்த எண்தான் அடையாளம். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். ஆனால் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் வெளியுலகம் தனியாக எண் கொடுப்பதில்லை. சுவரில் இருக்கிற பெட்டிக்கு ஒன்றே ஒன்று. அந்தப் பெட்டி, உள்ளே இருக்கிற போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் தன் பாட்டுக்கு ஒரு சின்ன எண் கொடுத்துக்கொள்கிறது. யாருக்கு எது என்று அதற்குத் தெரியும். வெளியே தெரியாது. அடுத்த தெருவில் இன்னொருவர் வீட்டிலும் அதே சின்ன எண்கள் இருக்கும்.

இதை வாசிக்கும்போது எனக்குப் புதிதாக ஒன்றும் படவில்லை. எங்கள் வளவு முழுவதற்கும் கதவு எண் பதினாலு. தபால்காரருக்கும் கொரியர்க்காரருக்கும் நாங்கள் ஆறு குடும்பமும் பதினாலுதான். உள்ளே வந்த பிறகுதான் நடை வீடு, கிணற்று வீடு, மச்சு வீடு என்று எங்களுக்கு எங்களுக்கென்று பெயர். அந்தப் பெயர்கள் மாநகராட்சிக்குத் தெரியாது.

புரிந்ததும் நிம்மதி வரும் என்று பார்த்தேன். பயம் கூடியது. என்னுடைய ஐ.பி. என்ன என்று இணையத்தில் தேடினால், எண்ணைக் காட்டிவிட்டு, நீங்கள் மதுரையில் இருக்கிறீர்கள் என்றது. நான் விண்ணப்பத்தில் பாளையங்கோட்டை என்று எழுதியிருக்கிறேன். ஊரைப் பற்றியும் பொய் சொன்னதாக நினைப்பார்களோ? பெட்டியை அணைத்துப் போட்டால் எண் மாறிவிடும் என்று இன்னொரு பக்கத்தில் இருந்தது. மாறினால் தடயத்தை அழித்ததாகிவிடுமே என்று பெட்டிக்குப் பக்கத்தில் யாரையும் விடவில்லை. கணவர் வந்ததும் கொட்டினேன். அவர் கைகால் கழுவிக்கொண்டே கேட்டார்.

"நீயாத்தான எழுதுன? பொறவு எதுக்கு நடுங்குதே? உள்ளத எழுதிப் போடு, ஏட்டி."

"உள்ளத எப்படி எழுத? ரெண்டு பேரும் ஒரே வளவு, ஒரே வைஃபை, ஆனா பேசிக்கிட மாட்டோம்னா?"

"அதான உண்மை?" என்றார். அவருக்கு எல்லாமே சுலபம்.

மறுநாள் காலையில் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டே தங்கச்சிக்குப் போனில் புலம்பினேன். நடை வீட்டு அண்ணாச்சி காதில் அது விழுந்திருக்கிறது. வண்ணார்பேட்டையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வியாபாரிகளுக்கு ஐ.பி. என்றால் ஒன்றுதான்: கடனைத் தீர்க்க வழியில்லை என்று கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டுக் கையை விரிப்பது. அவர் பதறிப்போய் வந்து நின்றார்.

"என்னம்மா, ஐ.பி. குடுக்குத அளவுக்கு என்ன ஆச்சு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்புடாதா?"

"அந்த ஐ.பி. இல்ல அண்ணாச்சி. இது வேற."

"எந்த ஐ.பி.யா இருந்தாலும் பைய யோசிச்சுச் செய்யணும்மா" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் வளவு முழுக்க எங்கள் குடும்பம் திவாலாகிவிட்டது. மச்சு வீட்டம்மா பரிதாபமாகப் பார்த்து, கொஞ்சம் அவியல் கொடுத்தனுப்பினார்.

அந்தப் பேச்சு கிணற்று வீட்டுக்கும் போயிருக்கிறது. வளவிலேயே அவளுக்கு மட்டும்தான் அது எந்த ஐ.பி. என்று விளங்கியிருக்கும். சாயங்காலம் வந்து வாசற்படிக்கு வெளியே நின்றாள். சித்திரைக்கு அப்புறம் முதல் பேச்சு.

"உங்களுக்கும் மெயில் வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"நான் உங்க பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை."

"நான் மட்டும் பாத்தேனா?"

உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை. நாங்கள் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வீடு என்று ஆளுக்கொரு பதில் போடுவது, வீட்டு முகவரிக்குச் சான்றாக ஆதாரை அனுப்புவது என்று முடிவாயிற்று. அவளுக்கும் இந்த வேலை வேண்டும் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. துப்பட்டா நுனியை முறுக்கி முறுக்கி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஆதாரை அனுப்பிய பிறகுதான் எங்கள் புத்திசாலித்தனம் தெரிந்தது. என்னுடையதிலும் கதவு எண் பதினாலு. குடிவந்ததும் மாற்றிக்கொண்ட அவளுடையதிலும் பதினாலு. அதே தெரு, அதே ஊர். உங்கள் இருவரின் வீட்டு முகவரியும் ஒன்றாகவே உள்ளது என்று பதில் வந்தது. கம்பியில்லாத முகவரியும் ஒன்று, கல்லும் சுண்ணாம்புமாக இருக்கிற முகவரியும் ஒன்று. இருவரும் ஒரே நேரத்தில் வீடியோவில் வர வேண்டும், அதோடு முடிவு சொல்லப்படும் என்றும் அதில் இருந்தது. வெறுமனே இருந்திருந்தால் ஐ.பி. மட்டும்தான் ஒன்று. நாங்களே போய் வீட்டையும் ஒன்றாக்கிக் கொடுத்துவிட்டோம்.

வீடியோ அழைப்பு வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண், சென்னையிலிருந்து. ஒரு கட்டத்தில் நான், இன்னொரு கட்டத்தில் அவள். பெயரைக் கேட்டார், படிப்பைக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ரெண்டு பேரும் அப்படியே போனோட வெளியே வாங்க. ஒரே இடத்துல சேர்ந்து நில்லுங்க, நான் பார்க்கணும்."

முற்றத்தில் இறங்கினேன். போனில் தூறல் விழுந்தது. இந்த நேரத்தில் போன் நனைந்து அணைந்து தொலைந்தால் எல்லாம் போச்சு என்று பதறி, உள்ளே ஓடி, கதவுக்குப் பின்னால் கைக்குக் கிடைத்ததை எடுத்து விரித்துக்கொண்டு ஓடி வந்தேன். கிணற்றடியில் அவள் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் மேலே பார்த்தேன். பூப்போட்ட குடை. அவளும் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்குவீங்களா?"

"இல்லை" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம். அதுவே ஒத்திகை பார்த்த மாதிரி இருந்தது. நடை வீட்டிலிருந்து அண்ணாச்சி எட்டிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "பேசவே மாட்டாங்கம்மா! வளவே சாட்சி!"

திரையில் இருந்த பெண் சிரிக்கவில்லை. "அப்ப ஒரு சந்தேகம். ஒரு பதிவுல ஒருத்தர், 'நாளைக்குக் கொடை, மறந்துராதீங்க'ன்னு பேசுறார். எங்க விடையில 'குடை'. எல்லாரும் குடைன்னுதான் எழுதியிருக்காங்க. நீங்க ரெண்டு பேர் மட்டும் 'கொடை'. பேசுறப்ப குடை கொடைன்னு கேட்டாலும் குடைன்னுதான் எழுதணும்னு எல்லாருக்கும் சொல்லியிருக்கோம். ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு எப்படி வந்துச்சு?"

"தப்பு இல்ல மேடம். எங்க ஊர்ல கோயில் திருவிழாவத்தான் கொடைம்போம். அந்த ஆளு திருவிழாவுக்குக் கூப்பிடுதாரு" என்றேன்.

அவர் எதையோ குறித்துக்கொண்டார். "சரி, உங்களுக்குத் தெரியும். இவங்க சொந்த ஊர் வேலூர்னு போட்டிருக்கே. இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நான் அவளைப் பார்த்தேன். எனக்கும் அதற்குப் பதில் தெரியாது. அவள் குடையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள்:

"இவங்க சொல்லித்தான் மேடம் தெரியும்."

போச்சு. எல்லாம் போச்சு. என் வேலையையும் சேர்த்துக் கிணற்றில் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். குடைக்காம்பைப் பிடித்திருந்த கை நழுவியது. அவள்தான் பிடித்து நிமிர்த்தினாள்.

"பரீட்சையில இல்ல மேடம். சித்திரையில. நான் இங்க வந்து ரெண்டு வாரம். இவங்க வண்டியில ஏறும்போது என்கிட்ட, 'நாளைக்குக் கொடை, மறந்துராதீங்க'ன்னாங்க. எங்க ஊர்ல குடையைத்தான் கொடைன்னு சொல்வோம். நாளைக்கு இவங்களுக்குக் குடை வேணுமாக்கும்னு நினைச்சேன். கடன் கேக்குறதைக்கூட இப்படி அதட்டியா கேப்பாங்கன்னு இருந்துச்சு. ஆனா வைஃபை குடுத்தவங்களாச்சே. வந்ததும் எடுத்துக்கட்டும்னு காலையில கொண்டாந்து கதவுல மாட்டினேன். இந்தக் குடைதான். அப்புறம் இவங்க என் முகத்தையே பார்க்கலை, குடையையும் திருப்பித் தரலை. ஒரு மாசம் கழிச்சு நடை வீட்டு அக்கா, 'ஏன் கொடைக்கு வரல'ன்னு கேட்டாங்க. அப்பதான் கொடைன்னா என்னன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்ப் பேசுறது? அந்தப் பதிவைக் கேட்டதும் எனக்கு இவங்க குரல்தான் கேட்டுச்சு. வேற எதைத் தப்பா எழுதினாலும் அந்த வார்த்தையைத் தப்பா எழுத மாட்டேன், மேடம்."

திரையில் இருந்த பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "முடிவை மெயில்ல அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தூறல் நின்றுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் குடையை மடக்காமலே நின்றோம். எனக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

"கூப்பிட்டும் வராத பொம்பளைன்னு நெனச்சேன்" என்றேன்.

"வாங்கின குடையைத் திருப்பித் தராத பொம்பளைன்னு நான் நினைச்சேன்" என்றாள். அன்று வீட்டுக்குள் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன்.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் அப்படித்தான். போன் மணியடித்தால் முற்றத்துக்கு ஓடி வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். கடைசியில் மெயில் வந்தது. இரண்டு பேருக்கும் வேலை. அந்தப் பதிவின் விடையைத் திருத்திவிட்டார்களாம். கீழே ஒரு நிபந்தனை: இனி இருவரும் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து வேலை பார்க்கக் கூடாது. அப்படி வந்தால் இரண்டு கணக்கும் தானாகவே முடங்கிவிடும்.

இரண்டே நாளில் கிணற்று வீட்டுச் சுவரில் ஆள் வந்து துளை போட்டுப் புதுப் பெட்டி மாட்டினார். இப்போது அவளுக்குத் தனி எண். எனக்கு வேலை வந்த பிறகும் பயம் மட்டும் போகவில்லை. அவளுடைய போனும் லேப்டாப்பும் எங்கள் பாஸ்வேர்டை இன்னும் மறக்கவில்லை. அதை மாற்றி அவளை மட்டும் வெளியே நிறுத்த இப்போதும் எனக்கு மனசு வரவில்லை. அவள் பெட்டி கொஞ்சம் மக்கர் பண்ணினால் சத்தமில்லாமல் எங்கள் பெட்டிக்குத் தாவிவிடும். அவள் வீட்டில் "நெட் வரலை" என்று குரல் கேட்டால் போதும், மாமனாருக்கு ஊட்டுகிற கரண்டியோடு முற்றத்துக்கு ஓடுவேன்.

"எங்க பக்கம் வந்துராதீங்க! அணைச்சுப் போடுங்க!" என்று கத்துவேன். கேட்கிறவர்களுக்கு நாங்கள் மறுபடி சண்டை போட்டுக்கொண்டோம் என்றுதான் இருக்கும்.

அவள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து உட்காருகிறாள்.